கண்ணாடிப் பெட்டியும் கோடி வேட்டியும்

சித்திரை மாத நடுப்பகலில் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடந்தால் சுடும். இது எல்லோருக்கும் தெரியும். என் கால்களுக்குத்தான் தெரியவில்லை. இருபது வருடச் சர்க்கரை அவற்றின் நாக்கை அறுத்துவிட்டிருந்தது. முள் குத்தினாலும் சொல்லாது, நெருப்பை மிதித்தாலும் சொல்லாது.

கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பதினொரு முறை சுற்றுவதாக வேண்டிக்கொண்டது நான் அல்ல, என் மனைவி. சுற்ற வேண்டியது மட்டும் நான். எதற்காக வேண்டுதல் என்றால், என் சர்க்கரை குறைவதற்காக. நான் எண்ணிக்கொண்டேதான் சுற்றினேன். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்து, உள்ளே வந்த லாரியையும் வெளியே போன லாரியையும் எண்ணியவன் நான். பதினொன்று முடிந்தது என்று நின்றேன்.

"பத்துதாங்க ஆச்சு" என்றாள்.

"பதினொன்னு."

"பத்து. நான் வெரல வுட்டு எண்ணிக்கிட்டே நிக்கிறேன்."

"வெரல வுட்டு எண்ணினா பத்துக்கு மேல எங்க போவ?"

சாமி காரியத்தில் குறை வைக்கக் கூடாது என்று இன்னொரு சுற்றுச் சுற்ற வைத்தாள். என் இடது காலுக்கு வினை வந்தது அந்தப் பன்னிரண்டாவது சுற்றில்தான் என்று இன்றுவரை நம்புகிறேன். இதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது.

பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், படுக்கை விரிப்பில் கறை இருப்பதை மனைவி பார்த்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. இடது பாதத்தின் அடிப்பக்கம் கொப்பளித்து உடைந்திருந்தது. அடுத்த பத்து நாளில் தெருவே வைத்தியம் பார்த்தது. கற்றாழை, தேன், பற்பசை, வேப்பெண்ணெய் என்று மொத்தம் ஏழு வைத்தியம். ஏழிலும் மஞ்சள் பொது. நலம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு ரொட்டியும் ஹார்லிக்ஸும் கொண்டு வந்தார்கள். சர்க்கரை நோயாளியின் வீட்டில் ஒன்பது ஹார்லிக்ஸ் பாட்டில் சேர்ந்தது. ஒருவருக்காவது உறைக்க வேண்டுமே.

சுண்டுவிரல் கறுத்துப்போன பிறகு உள்ளூர் அறுவை மருத்துவரிடம் போனோம். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, என் பாதத்தின் குறுக்கே நடுவில் ஒரு கோடு போட்டார்.

"இது வரைக்கும் எடுக்க வேண்டி வரும்."

"எத்தன வெரல்?" என்று கேட்டேன்.

"வெரல் கணக்கு இல்லீங்க. பாதிப் பாதம். அஞ்சும் அதுல அடக்கம்."

சுண்டுவிரல் செத்துவிட்டது, அதை யாராலும் திருப்ப முடியாது. மற்ற நாலும் அடிப்பாதமும் ஊசலாடுகின்றன என்றார். பெரிய ரத்தக் குழாய்களில் ஓட்டம் இருக்கிறது, நுனிக்குத்தான் போய்ச் சேரவில்லை. புண்ணைச் சுத்தம் செய்து மருந்து கொடுப்பதோடு, திருச்சியில் அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுக்கிற ஒரு இடம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். உறுதி எதுவும் சொல்ல முடியாது. கறுப்பு இந்தக் கோட்டை நோக்கி வர ஆரம்பித்தால் அதற்கப்புறம் பேச்சே இல்லை, வெட்டுதான்.

நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் ஏறியதும் சொன்னாள்: "செட்டிகுளத்து முருகனுக்கு வேண்டிக்கிட்டேங்க. கால் பொழச்சா நீங்க வெறுங்கால்ல மலையேறி வருவீங்கன்னு."

வெறுங்காலால் வந்த புண் ஆறினால், அதே காலை மறுபடி வெறுங்காலாகக் கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்று கடவுளிடம் பேரம். அதுவும் எந்த முருகன்? கையில் கரும்போடு நிற்கிறவர். சர்க்கரைக்காரனுக்காகப் போய்க் கரும்புக்காரரிடம் மனு கொடுத்தவள் என் மனைவி ஒருத்தியாகத்தான் இருப்பாள். இதை வாய்விட்டே சொன்னேன்.

"மாமா, சாமியக் கிண்டல் பண்ணாதீங்க" என்றான் காரை ஓட்டிய மைத்துனன். அவள் தம்பி. வெங்காய வியாபாரம். எதையும் போட்டோ எடுக்காமல் சாப்பிடக்கூட மாட்டான்.

திருச்சி மருத்துவர் இளவயது. முதலில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார், இதயத்துக்கு ஈசிஜி, காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். காலில் புண்ணை வைத்துக்கொண்டு காதை ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "உள்ள போனா மொதல்ல வலிக்கிறது காதுதாங்க" என்றார். அப்புறம் விளக்கினார். அவர் மருத்துவத் தமிழில் சொன்னதை நான் லாரித் தமிழில் புரிந்துகொண்டேன்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிறவை சிவப்பணுக்கள். அவற்றை லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் லாரிகளில் பாரம் குறைவில்லை. ஏற்கெனவே முழு லோடுதான். பாதைதான் இடிந்து கிடக்கிறது. இன்னும் பத்து லாரி விட்டாலும் சந்து முனையில் நிற்கும். ஆனால் காற்றழுத்தத்தை இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்தால், அது லாரியை நம்பியிராமல் ரத்தத்தின் தண்ணீரிலேயே கரைந்துவிடும். சோடா பாட்டிலில் காற்று கரைகிற மாதிரி. லாரி போகாத சந்துக்குள் தண்ணீர் போகும். அப்படிப் போகிற ஆக்சிஜன் கிருமிகளோடு சண்டை போடுகிற அணுக்களுக்குத் தெம்பு கொடுக்கும். நாளடைவில் புதிய நுண்குழாய்கள் முளைக்கும். வாரம் ஐந்து நாள், தடவைக்கு ஒன்றரை மணிக்கும் மேலே, முப்பது தடவை.

"அப்ப ஆறிடுமா?"

"ஆறலாம். இது மட்டும் தனியா ஆத்தாதுங்க. சக்கரையக் கட்டுல வைக்கணும். கட்டு மாத்தணும். கால ஊனக் கூடாது. இத்தனையும் செஞ்சும் சிலருக்கு ஆறாது."

எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. ஆறாது என்று சொல்லத் தெரிந்த வைத்தியரை அந்த மாதத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன். எங்கள் தெருவின் ஏழு பேரும் ஆறும் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அடுத்தது விதிகள். பெட்டிக்குள் ஆக்சிஜன் நிறைந்திருப்பதால் சின்னப் பொறி வந்தாலும் ஆபத்து. ஆகவே தலையில் எண்ணெய் கூடாது, வாசனை கூடாது, களிம்பு கூடாது, கைக்கடிகாரம், போன், காது கேட்கும் கருவி எதுவும் கூடாது. சுத்தமான பருத்தித் துணி மட்டும். ஆஸ்பத்திரியிலேயே ஒரு அங்கி கொடுத்தார்கள். பின்பக்கம் திறப்பு. மூன்று நாடாவில் இரண்டு அறுந்திருந்தது. எழுபத்து மூன்று வயதில் அந்தக் கோலத்தில் வராந்தாவைக் கடக்க எனக்கு விருப்பமில்லை. சொந்த வேட்டி கட்டலாமா என்றேன். நூற்றுக்கு நூறு பருத்தி என்றால் கட்டலாம் என்றாள் அங்கிருந்த செவிலி.

நாங்கள் இருப்பது பருத்திக் காட்டுக்கு நடுவில். சீசனில் பெரம்பலூர் சாலையில் பருத்தி மூட்டை ஏற்றிய வண்டியைக் கடக்காமல் ஒரு மைல் போக முடியாது. வீட்டில் இருந்த பதினான்கு வேட்டிகளிலும் ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக வேண்டும். பதினான்கும் உருகி, உருண்டு, மணிமணியாகத் திரண்டன. எல்லாம் கல்யாண வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த வேட்டி. ஒரு நூலாவது சாம்பலாகிக் காட்டியிருக்கலாம்.

அதனால் முதல் ஒன்பது தடவையும் அந்த அங்கியில்தான் போனேன்.

ஆள் படுக்கிற நீளத்துக்குத் தடித்த கண்ணாடிக் குழாய். தட்டில் படுக்க வைத்து உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டுவார்கள். அதற்கு முன்னால் சர்க்கரை பார்ப்பார்கள். உள்ளே அது இறங்கிவிடும் என்பதால், குறைவாக இருந்தால் எதையாவது குடிக்கக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொல்வார்கள். நான் மூன்று தடவை போவேன். உள்ளே உஸ்ஸென்று சத்தம், கொஞ்சம் வெக்கை, அப்புறம் காது. கொல்லிமலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் அடைக்குமே, அதன் அண்ணன். எங்கள் பக்கத்துக் கிணற்றில் முப்பது நாற்பதடி தண்ணீருக்கு அடியில் இருப்பதற்குச் சமமாம் அந்த அழுத்தம். எங்கள் பக்கத்துக் கிணற்றில் முப்பதடி தண்ணீர் எப்போது இருந்தது என்பது வேறு விஷயம்.

ஒலிபெருக்கியில் செவிலியின் குரல் வரும்.

"ஐயா, எச்சி முழுங்குங்க. கொட்டாவி வுடுங்க. வலிச்சா மூக்கப் புடிச்சுக்கிட்டு மெதுவா ஊதுங்க."

"எது மொதல்ல?"

"எது வருதோ அது. வெளிய வரணும்னாலும் சொல்லுங்க, தொறக்கலாம். ஆனா டக்குன்னு முடியாது, கொஞ்சங் கொஞ்சமாத்தான் எறக்கணும்."

அழுத்தம் ஏறி நின்ற பிறகு ஒன்றும் தெரியாது. சும்மா படுத்திருக்க வேண்டியதுதான். கதவைச் சுற்றி இருந்த போல்ட்டுகளை எண்ணினேன். பதினாறு. அதில் ஒன்று மட்டும் நிறம் வேறு. முதல் நாள் முழுக்க அந்த ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன். "அது புதுசா மாத்துனது ஐயா, மத்த பதினஞ்சும் பழசு" என்றாள் செவிலி. மறுநாள் அந்தப் பதினைந்தும் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒன்பதாவது தடவை எப்படியோ தூங்கிவிட்டேன். கைகளை நெஞ்சின்மேல் கோத்துக்கொண்டு. காலில் வெள்ளைக் கட்டு. மைத்துனன் அறை வாசல் கண்ணாடி வழியாக ஒரு போட்டோ எடுத்து, "மாமா, கண்ணாடிப் பெட்டியில். எல்லாம் முருகன் செயல்" என்று எழுதி, மூன்று கும்பிடு கை வைத்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். போட்டுவிட்டு, போனைக் காரில் சார்ஜில் வைத்துவிட்டு பிரியாணி சாப்பிடப் போய்விட்டான்.

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதன் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு. ஐஸ் பெட்டி வாடகைக்குக் கொடுக்கிற கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது. கண் மூடி, கை கோத்து, காலில் வெள்ளைத் துணி. கால் கட்டைவிரலைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அன்று திரும்பி வரும்போது, பாடாலூர் தாண்டுகையில் மைத்துனன் போனை எடுத்துப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினான். போன் வைத்துக்கொள்ளாத என் மனைவி பின் ஸீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். போனை நான் வாங்கிப் படித்தேன். ஆழ்ந்த இரங்கல் இருபத்து மூன்று. வெறும் பூ மட்டும் ஆறு. "எடுப்பு எத்தன மணிக்கு?" ஒன்று. "நல்ல மனுசன்" என்று நாலு பேர், அதில் இரண்டு பேர் நான் உயிரோடு இருக்கும்போது என்னோடு பேசுவதில்லை. வரப்புத் தகராறில் இருக்கிற பங்காளி ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். ஒன்றுமே போடாதவர்கள் பதினொரு பேர். அந்தப் பதினொரு பெயரும் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டு வாசலில் ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி இறக்கியிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் பதினேழு பேர். காரைக் கண்டதும், கீழப்பழுவூரிலிருந்து வந்திருந்த என் ஒன்றுவிட்ட அக்கா, "என்னப் பெத்த தம்பீ" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்கு எண்பதை நெருங்குகிறது. அந்த வயதில் அந்த வேகம் ஆச்சரியம்தான். பின்னால் வேறு வண்டி வருகிறதா என்று தெருவை எட்டிப் பார்த்தாள். முன் ஸீட்டிலிருந்து நான் ஊன்றுகோலோடு இறங்கினேன்.

ஒப்பாரி பாதியில் நின்றது.

"அடப் பாவி. நீ சாவலியாடா?"

"இன்னும் இல்லக்கா."

"ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன்டா. மாட்டக்கூட அவுத்துக் கட்டல. ஒரு வாய் தண்ணி குடிக்கல."

"உள்ள வாக்கா. ஹார்லிக்ஸ் இருக்கு."

துக்கத்துக்கு வந்த கூட்டம் சந்தோஷமாகக் கலையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. ஏமாந்துபோன கூட்டமாகத்தான் கலைந்தது. நாற்காலிக்காரர் மட்டும் என்னைப் பார்த்து மனம்விட்டுச் சிரித்தார், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி. அக்காள் கையில் ஒரு ரோஜா மாலையும் ஒரு மஞ்சள் பையும் இருந்தன. மாலையை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. பிணத்துக்கு என்று வாங்கியதைச் சாமிக்குப் போடக் கூடாது. மனுசனுக்குப் போட்டால் என்ன அர்த்தம்? கடைசியில் மைத்துனன் காரின் முகப்பில் போட்டார்கள். அவன் மறுக்கிற நிலையில் இல்லை.

"பையில என்னக்கா?"

"கோடி. ஒனக்குப் போத்த வாங்குன வேட்டி. எடுத்துட்டுப் போயிடுறேன், வூட்டுல வெக்கக் கூடாது."

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "அது பருத்தியாக்கா?"

அக்காள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சுத்தப் பருத்திடா. பொணத்துக்கு யாராச்சும் பாலியெஸ்டர் போடுவாங்களா?"

ஒரு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டினேன். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகி உதிர்ந்தது. உயிரோடு இருந்தவரைக்கும் பதினான்கு கல்யாண வீட்டுக்காரர்கள் கொடுக்காததை, செத்துவிட்டேன் என்று தெரிந்ததும் அக்காள் கொடுத்துவிட்டாள்.

மனைவி குதித்தாள். கோடி வேட்டியைக் கட்டிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் படுப்பதா? "எனக்குன்னு வாங்குனதுதான? நான்தான் கட்டணும்" என்றேன். கஞ்சி போகும்வரை இரண்டு தடவை அலசி, மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு போனேன். "நல்ல துணி ஐயா, எங்க வாங்கினீங்க?" என்றாள் செவிலி. பரிசாக வந்தது என்று சொன்னேன். மிச்சம் இருபத்தொரு தடவையும் என் கோடிக்குள்தான் நான் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

இடையில் சளி பிடித்து நாலு நாள் போக முடியவில்லை. சளியோடு போனால் காதுச் சவ்வுக்கு ஆபத்து. அந்த நாலு நாளும் கட்டு மாற்றும்போதெல்லாம் கறுப்புக்கும் கோட்டுக்கும் நடுவில் என் விரலை வைத்து அளந்தேன். முதலில் மூன்று விரற்கடை இருந்தது. நாலாம் நாளும் மூன்றே இருந்தது. பேனாக் கோடு அழிய அழிய மனைவி மேலேயே திரும்ப வரைவாள். ஒரு நாள் அவள் வரைந்த கோடு வளைந்துவிட்டது. அன்றைக்கு நான் அவளைக் கிண்டல் செய்யவில்லை.

இருபதாவது தடவை வாக்கில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடிந்தது. வரி விளம்பரம்கூடத் தெரிந்தது. கண்ணையும் முருகன் திறந்துவிட்டான் என்று மனைவி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். மருத்துவரைக் கேட்டேன். இந்தச் சிகிச்சையில் சிலருக்குப் பார்வை தற்காலிகமாக இப்படி மாறும், கிட்டத்தில் தெரியும், தூரம் மங்கும், நிறுத்தியதும் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும், புதுக் கண்ணாடி வாங்கிவிடாதீர்கள் என்றார். அப்படியே ஆயிற்று. முருகன் திரும்ப எடுத்துக்கொண்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

முப்பதும் முடிந்து அறுவை மருத்துவரிடம் போனோம். சுண்டுவிரலை எடுத்துவிட்டார். அது எப்படியும் போக வேண்டியது. அடிப்பாதத்தில் புண் சிவந்து, ஓரத்திலிருந்து தோல் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. இன்னும் சில வாரத்தில் மூடியது. மூடிய பிறகு போனபோது பாதத்தை அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கோட்டைத் துடைக்கப் பஞ்சில் ஸ்பிரிட் எடுத்தார். மனைவி திரும்பத் திரும்ப வரைந்து அழுத்தமாகிவிட்டிருந்ததால் மூன்று தடவை தேய்க்க வேண்டியிருந்தது.

"இனிமே வெறுங்கால் கூடாதுங்க. வூட்டுக்குள்ளயும் செருப்பு. கோயில், கொளம், எதுக்கும் விதிவிலக்கு கெடையாது."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

புண் மூடி ஒரு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை செட்டிகுளம் போனோம். அதற்குள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். சாமிக்குச் சொன்ன சொல் என்றாள் அவள். சொன்னது நீ என்றேன் நான். அடிவாரத்துக் கடையில் வெள்ளித் தகட்டில் கால் உரு வாங்கினாள். ஐந்து விரலோடு இருந்தது. "நாலு வெரல்ல இல்லியா?" என்று கேட்டேன். கடைக்காரர், "நாலு வெரலுக்கு அச்சு இல்லீங்க பெரியவரே" என்றார். தப்புக் கணக்கு என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் கத்தரியை வாங்கி ஒன்றைக் கத்தரிக்கப் போனேன். மனைவி தகட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

மலைப்படிக்கு முன்னால் நின்றோம். மணி பதினொன்று. வெயில் ஏறிவிட்டிருந்தது.

"ஒரே ஒரு படிங்க. செருப்பக் கழட்டிட்டு மொதப் படியில கால வெச்சு எடுத்துடுங்க. மிச்சத்த நான் ஏறிக்கிறேன். முருகன் கோவிச்சுக்க மாட்டாரு."

"ஒரு படிதான மாமா" என்றான் மைத்துனன், போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு.

அவள் குரல் சண்டைக் குரலாக இல்லை. கெஞ்சினாள். இத்தனைக்கும் அந்தக் கோட்டை அழிய விடாமல் வரைந்தவள். நான் குனிந்தேன். செருப்பின் பட்டையை அவிழ்க்கத்தான் குனிந்தேன், பொய் சொல்வானேன். குனிந்தபோது, அதற்கு முன்னால் ஒரு தடவை உள்ளங்கையைப் படியில் வைத்துப் பார்த்தேன்.

சுட்டது. ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். கை சொல்லிவிட்டது. கால் சொல்லியிருக்காது.

மனைவி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சிவந்திருந்தது. அவளும் குனிந்து தன் கையை அதே படியில் வைத்தாள். எனக்குப் பிறகு எடுத்தாள், என்னைவிட இரண்டு எண்ணிக்கை அதிகம். அப்புறம் மலையை அண்ணாந்து பார்த்து, "பாத்துக்கிட்டுத்தான இருக்க?" என்று முருகனிடம் கேட்டாள், என்னிடம் கேட்கிற அதே தொனியில்.

"நீங்க அந்த நெழல்ல நில்லுங்க. செருப்பக் கழட்டாதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தம்பியின் கையிலிருந்த போனைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தாள். "நீ கழட்டுடா. மாமா வேண்டுதல் இனிமே ஒன்னுது. பெட்டியில படுக்க வெச்சு ஊருக்கே சாவு சொன்னவன் நீதான?"

"யக்கா, சுடுதுக்கா."

"சுடுதுன்னு தெரியுதுல்ல? அப்ப ஏறு."

அவன் ஒவ்வொரு படிக்கும் காலை மாற்றிக் குதித்துக்குதித்து ஏறினான். பின்னால் அவள், புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஐந்து விரல் வெள்ளிக் காலோடு. நான் நிழலில் நின்று அவன் போனில் அதைப் போட்டோ எடுத்தேன். குழுவில் போடும்போது, ஆள் உயிரோடுதான் இருக்கிறான் என்று அடியில் எழுதினேன்.